வக்கடை திறந்தால் தாயம் என்னவாகும்?

மட்டக்களப்பு மாவட்டத்து உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வட்டை (வயல்வெளி) ஒன்றில் மாமா மண்வெட்டியால் வரம்பை வெட்டி வக்கடை திறந்தார். மேல்வயலில் கணுக்கால் அளவு நின்ற தண்ணீர் வைக்கோல் துரும்புகளை இழுத்துக்கொண்டு கீழ்வயலுக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே மட்டம். "இனி இந்தப் பக்கம் எவ்வளவு தண்ணி வந்தாலும் அந்தப் பக்கம் போயிரும் மகன்" என்றார். எண்களைக் கிடையாக நிரைகளிலும் நெடுக்காக நிரல்களிலும் அடுக்கிய தாயம் (matrix) ஒன்றைப் பற்றி நான் பல நாள் முட்டிமோதிய ஒரு கணக்குக்கு விடை அந்தப் பேச்சில் இருந்தது.

வக்கடை மூடியிருக்கும்போதும் வரம்பின் மண்ணூடாகத் தண்ணீர் கசியும். ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் 1856 இல் வெளியிட்ட விதிப்படி, மட்ட வித்தியாசம் இரட்டித்தால் கசிவும் இரட்டிக்கும். மேல்வயலின் மட்டம் அ, கீழ்வயலின் மட்டம் ஆ, வரம்பின் தடை த என்றால், மேல்வயல் இழப்பது (அ − ஆ) ÷ த. கீழ்வயல் இழப்பது (ஆ − அ) ÷ த. இரண்டு மட்டங்களை இரண்டு ஓட்டங்களாக மாற்றும் தாயம் இது. முதல் நிரை 1, −1. அடுத்தது −1, 1. எல்லாமே த ஆல் வகுபட்டவை.

வக்கடையை வெட்டினால் த பூச்சியமாகிறது. தாயத்தின் நான்கு உறுப்புகளும் முடிவிலிக்கு ஓடிவிடும். வயலில் மட்டும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை: மட்டங்கள் சமம், ஓட்டம் எவ்வளவாகவும் இருக்கலாம்.

அப்படியானால் பிழை நம் கேள்வியில்தான். மட்டத்தைக் கொடுத்து 'ஓட்டம் எவ்வளவு?' என்று கேட்பதை விட்டு, சேர்ந்து நிகழக்கூடிய மட்டம்–ஓட்டச் சோடிகளை மட்டும் திரட்டுவோம். இரண்டு சோடிகளைக் கூட்டினாலும், ஒன்றைப் பெருக்கினாலும் அந்தத் திரட்டை விட்டு வெளியே போகாவிட்டால் அது ஒரு நேரியல் தொடர்பு. ரிச்சர்ட் அரென்ஸ் என்ற கணிதவியலாளர் 1961 இல் இத்தகைய தொடர்புகளுக்கான கணிதத்தை முறைப்படி எழுதினார். திறந்த வக்கடையின் தொடர்பு: மட்டங்கள் (ம, ம), ஓட்டங்கள் (ஓ, −ஓ). த குறையக் குறைய, தாயம் வெடித்தாலும் அதன் சோடிகள் கிடக்கும் தளம் மெல்லச் சாய்ந்து இந்தத் தளத்திலேயே போய்ப் படிகிறது. எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

மட்டம் பூச்சியமாக இருந்தும் வரக்கூடிய ஓட்டங்கள் (ஓ, −ஓ). இதைத் தொடர்பின் பல்மதிப்புப் பகுதி என்பார்கள். இதை அனுமதிக்கப்பட்ட மட்டங்களோடு உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டுங்கள்: மஓ − மஓ = 0. அதாவது இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. தன் இணைத்தொடர்போடு ஒன்றாக இருக்கும் (நிரையையும் நிரலையும் மாற்றி எழுதினாலும் மாறாத நம் தாயம்போன்ற) எந்தத் தொடர்பிலும் இப்படித்தான் அமையும். ஹில்பர்ட் வெளி வேண்டியிருப்பதும் இதற்காகவே. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டத்தை ஒவ்வொரு புள்ளியிலும் குறித்தால் எண்களின் எண்ணிக்கை முடிவிலியாகிவிடும். அங்கும் நீளமும் செங்கோணமும் பொருள் தரும் வெளிதான் ஹில்பர்ட் வெளி.

சரி, நம் தொடர்பைப் பழைய தாயம்போல நான்கு பெட்டிகளாக, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சிறு தொடர்பாக, எழுதலாமா? முடியாது. பெட்டித் தாயத்தில் முதல் நிரல் அ ஐ மட்டும் பார்க்கும், இரண்டாவது ஆ ஐ மட்டும் பார்க்கும். அ இன் மீது ஒரு நிபந்தனையும் ஆ இன் மீது ஒரு நிபந்தனையும் தனித்தனியாக வைக்கலாம். 'இரண்டும் சமமாக இருக்கவேண்டும்' என்ற நிபந்தனையை எந்தப் பெட்டிக்குள்ளும் அடைக்க வழியில்லை. ஓட்டத்திலும் அதே சிக்கல்: ஒரு நிரைக்குக் கிடைத்த சுதந்திரம் மற்ற நிரையின் சுதந்திரத்தோடு கைகோத்து வராது.

அச்சுகளை 45 பாகை திருப்பினால் வழி திறக்கிறது. அ, ஆ என்று எழுதாமல் அவற்றின் கூட்டுத்தொகையையும் வித்தியாசத்தையும் எடுப்போம், ஓட்டங்களுக்கும் அப்படியே. கூட்டுத்தொகைப் பெட்டியில்: மட்டம் எதுவாக இருந்தாலும் ஓட்டங்களின் கூட்டு பூச்சியம், ஒரு வயல் இழந்தது மற்றதற்குப் போனதால். வித்தியாசப் பெட்டியில்: மட்டம் பூச்சியம், ஓட்டம் எதுவாகவும் இருக்கலாம். மற்ற இரு பெட்டிகளிலும் வெறும் பூச்சியம். மாமா சொன்னது முழுக்க இரண்டாவது பெட்டிக்குள் அடங்கிவிட்டது.