அந்தப் பச்சையைத் தேய்க்காதீர்கள்

மண்ணிலிருந்து வரும் பழைய நாணயங்களைச் சுத்தம் செய்து பாதுகாப்பது என் வேலை. போன வாரம் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மூடியைத் திறந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட பழைய செப்பு நாணயங்கள். எல்லாமே தோலுரித்தது போல இளஞ்சிவப்பாக இருந்தன.

“மண்ணும் பச்சையுமாக ஒட்டிக்கொண்டு கிடந்தது சார். இரண்டு நாள் வினிகரில் ஊறப்போட்டு, கம்பிப் பிரஷால் தேய்த்தேன். இப்போது எப்படிப் பளபளக்கிறது பாருங்கள்” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. மெட்டல் டிடெக்டர் வாங்கி இரண்டு ஆண்டுகளாக அலைந்தவருக்குக் கிடைத்த முதல் பெரிய கண்டுபிடிப்பு அது.

ஒவ்வொன்றாக எடுத்து லென்ஸின் கீழ் வைத்துப் பார்த்தேன். முப்பத்தொரு நாணயங்களில் உருவமும் இல்லை, எழுத்தும் இல்லை. குழி குழியான வட்டத் தகடுகள். பிறகு அவர் தம் செல்பேசியில், கழுவுவதற்கு முன் எடுத்த படத்தைக் காட்டினார். உள்ளங்கையில் ஒரே கட்டியாக நாணயங்கள். படத்தைப் பெரிதாக்கினேன். கட்டியின் ஒரு பக்கத்தில், பச்சைக்குள், குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள். அது துணியின் நெசவு. யாரோ ஒருவர் அந்தக் காசுகளைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறார். செம்பின் உப்புகள் இழை இழையாக ஊறி, நூல் மக்கிப் போன பிறகும் அதன் வடிவத்தைக் காப்பாற்றி வைத்திருந்தன. அத்தனை காலம் மண்ணுக்குள் நிலைத்திருந்தது, இரண்டு நாள் வினிகரில் போய்விட்டது.

இந்த ஆண்டில் மட்டும் இப்படி என்னிடம் வந்த ஏழாவது டப்பா இது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெட்டல் டிடெக்டரோடு தேடும் இந்தப் பொழுதுபோக்கின் மீது எனக்குக் கோபம் கிடையாது. 1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹாக்ஸன் கிராமத்தில், நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போன எரிக் லாஸ் என்பவரின் கருவிக்கு ஏறக்குறைய 15,000 ரோமானிய நாணயங்களும் தங்க நகைகளும் வெள்ளிக் கரண்டிகளும் அகப்பட்டன. அவர் கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திக்கொண்டு தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து மீதியை முறையாக எடுத்ததால், மக்கிப்போன மரப்பெட்டியின் தடயங்களும், உள்ளே எது எங்கே அடுக்கப்பட்டிருந்தது என்பதும்கூடத் தெரிந்தது. பொழுதுபோக்காகத் தேடுகிறவர்கள் இல்லையென்றால் எங்கள் துறைக்குக் கிடைத்திருக்காத செல்வங்கள் ஏராளம். ஆகவே தேடுங்கள். கிடைத்த பிறகு நீங்கள் செய்வதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று நான் விளக்கப் போவதில்லை, வாங்கியவர்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு ஆற்றாமை தருவது ஒரே ஒரு நம்பிக்கை. பச்சைக்கு அடியில் புத்தம் புதிய நாணயம் ஒன்று பத்திரமாக இருக்கிறது, மேலே இருப்பது வெறும் அழுக்கு, அதை எடுத்துவிட்டால் அன்று அச்சடித்த காசு அப்படியே வெளியே வரும் என்ற நம்பிக்கை. இது எங்கிருந்து வந்தது என்றும் எனக்குப் புரிகிறது. செம்பில் களிம்பு என்றால் நீக்க வேண்டிய மாசு என்றுதானே நம் சைவ சித்தாந்தம் உவமை சொல்லிக் கொடுத்திருக்கிறது? வீட்டுப் பாத்திரத்துக்கு அது சரி. நாணயத்துக்குச் சரியில்லை.

வீட்டுச் செம்பில் களிம்பு ஏறுவது சில நாளில், மெல்லிய படலமாக. தேய்த்தால் போய்விடும், அடியில் உலோகம் முழுசாக இருக்கும். மண்ணுக்குள் பல நூற்றாண்டு கிடந்த நாணயத்தின் கதை வேறு. அங்கே பச்சை வெளியிலிருந்து வந்து ஒட்டியதில்லை. நாணயத்தின் சொந்தச் செம்புதான் ஈரத்தோடும் காற்றோடும் மண்ணின் உப்புகளோடும் சேர்ந்து பச்சையாக மாறியிருக்கிறது. மேல்பரப்பில் அன்று இருந்த உலோகம் இன்று உலோகமாகவே இல்லை. அரசனின் மூக்கு, கிரீடத்தின் விளிம்பு, ஓரத்தில் ஓடும் எழுத்து எல்லாம் இப்போது அந்தப் படலத்துக்குள்தான் இருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் அடுக்கு தெரியும். மேலே மண் கலந்த பச்சை, அதன் கீழே குப்ரைட் எனப்படும் சிவந்த ஆக்சைடு, அதற்கும் கீழே அரிக்கப்பட்டு எஞ்சிய உலோகம். நாணயத்தின் பழைய மேற்பரப்பு அநேகமாக அந்தச் சிவப்பு அடுக்கை ஒட்டியே இருக்கும். நாங்கள் நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய முனையால் மணிக்கணக்கில் மண்ணை மட்டும் நீக்கிக்கொண்டு வந்து, அந்த எல்லையில் கையை எடுத்துவிடுகிறோம். வினிகருக்கோ எலுமிச்சைச் சாற்றுக்கோ அந்த எல்லை தெரியாது. பச்சையையும் கரைக்கும், சிவப்பையும் கரைக்கும்.

எரிந்த காகிதத்தை நினைத்துப் பாருங்கள். கருகிச் சுருண்டிருந்தாலும் சில நேரம் அதில் எழுத்து தெரியும். சாம்பல் அழுக்கு என்று ஊதிவிட்டால் அடியில் வெள்ளைக் காகிதம் கிடைக்காது. அங்கே சாம்பல்தான் கடிதம். இங்கே களிம்புதான் நாணயம். இதை நான் வாயால் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அடுத்த மாதம் அவர்களே இன்னொரு டப்பாவோடு வருகிறார்கள். “இந்த முறை வினிகர் இல்லை, எலக்ட்ராலிசிஸ்.” அது இன்னும் மோசம். இரண்டு ஒயரையும் உப்புத் தண்ணீரையும் வைத்து வீட்டில் செய்கிற மின்பகுப்பு, நாணயத்தில் மாறிப்போன பகுதி அனைத்தையும் உரித்து எறிந்துவிடும். பற்பசை, சமையல் சோடா, கம்பிப் பிரஷ், பாத்திரம் தேய்க்கும் நார், இவை எதுவும் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைப்பது மென்மையான முறை என்று பரவியிருக்கிறது. எண்ணெய் கெடும்போது அதுவும் அமிலந்தான், மெதுவாக அரிக்கிறது என்பது மட்டுமே வித்தியாசம்.

விலையைப் பற்றியே நினைக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். விஷயம் தெரிந்த சேகரிப்பாளர் இளஞ்சிவப்புச் செப்புக் காசைப் பார்த்தவுடன் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒழுங்கான, வழவழப்பான கரும்பச்சைப் படலத்தைத்தான் அவர் தேடுகிறார்.

வெள்ளியிலும் இதே கதை, வேறு விதமாக. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமானியர்கள் வெளியிட்ட பல ‘வெள்ளி’ நாணயங்களில் வெள்ளி மிகக் குறைவு. செம்புக் கலவையின் மேல் வெள்ளியின் மெல்லிய பூச்சு. ஒரு முறை அழுத்தித் தேய்த்தால் அந்தப் பூச்சு துணியோடு வந்துவிடும். நல்ல வெள்ளிக் காசுகளிலும், கலந்திருக்கும் செம்பு காலப்போக்கில் பிரிந்து உள்ளே நுண்ணிய விரிசல்களுக்கு வழிசெய்கிறது. பார்வைக்கு உறுதியாகத் தெரியும், வளைந்திருக்கிறதே என்று நிமிர்த்தப் பார்த்தால் பிஸ்கட் போல உடையும். இரண்டு துண்டாக என்னிடம் வந்த காசுகளில் பாதி, கண்டெடுத்தவர் கையிலேயே உடைந்தவை. தங்கம் மட்டும் விதிவிலக்கு. சுத்தமான தண்ணீரில் அலசினால் போதும், தேய்க்க அங்கேயும் வேலை இல்லை.

சரி, எல்லாப் பச்சையும் நல்லதா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு பச்சைக்கு நானும் பயப்படுகிறேன். நாணயத்தைக் கொண்டுவந்து வைத்த சில நாளிலோ வாரத்திலோ, புள்ளி புள்ளியாக வெளிர்பச்சைத் தூள் பூத்தால், குண்டூசி முனையால் தொட்டதும் மாவு போல உதிர்ந்தால், அது வெண்கல நோய். மண்ணிலிருந்த குளோரைடு உள்ளே தங்கி, காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து அமிலமாகி, செம்பைத் தின்று, மறுபடி குளோரைடாகும் சுழற்சி. நிறுத்தாவிட்டால் நாணயம் பொடியாகும் வரை ஓயாது. முதலில் செய்ய வேண்டியது அதை உலரவைப்பது. காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, உள்ளே ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொண்டு, தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். அதற்குரிய ரசாயனங்கள் நச்சுத்தன்மை கொண்டவை. வீட்டில் முயல வேண்டாம்.

இனி மண்ணைத் தோண்டுவதற்கு வருவோம். கருவி ஒலித்தவுடன் மண்வெட்டியை நேராக அந்த இடத்திலேயே இறக்குகிறார்கள். நாணயத்தின் நெற்றியில் புதிதாக விழுந்த வெட்டு, உள்ளே மின்னும் உலோகத்தோடு வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது. ஒரு சாண் தள்ளி, சுற்றி வெட்டி, மண்கட்டியை அப்படியே தூக்கி, கைக்கருவியால் தேடுங்கள். கிடைத்ததும் “என்ன காசு இது?” என்று கட்டைவிரலால் துடைக்காதீர்கள். காசுக்கும் விரலுக்கும் நடுவே இருப்பது மணல். மணல் உப்புத்தாள் போலக் கீறும். எனக்கு வருகிற கீறல்களில் பெரும்பகுதி அந்த முதல் அரை நிமிடத்தில் விழுந்தவைதான்.

ஒன்றுக்கு மேல் கிடைத்தால், அல்லது கட்டியாகவோ பானையோடோ தென்பட்டால், நிறுத்திவிடுங்கள். 2010 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஃப்ரோம் என்ற ஊருக்கு அருகே, கருவியோடு தேடிய டேவ் கிரிஸ்ப் என்பவர் பானையின் வாயைக் கண்டதும் அதைத்தான் செய்தார், தோண்டிய குழியை மூடிவிட்டு ஆட்களை அழைத்தார். அதில் இருந்தவை 52,503 நாணயங்கள், சுமார் 160 கிலோ. தொல்லியலாளர்கள் அடுக்கு அடுக்காக எடுத்ததில், எல்லாவற்றிலும் பிந்திய, ரோமானியர் காலப் பிரிட்டனை ஆண்ட கராசியஸ் மன்னனின் காசுகளில் பெரும்பாலானவை பானையின் பாதிக்குக் கீழே இருந்தது தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்திருந்தால் பிந்திய காசு மேலேதான் இருந்திருக்கும். ஆக, ஒரே தடவையில் கொட்டி நிரப்பிய பானை அது. சாக்கில் அள்ளிப் போட்டிருந்தால் இந்தத் தகவல் உலகத்துக்கு இல்லை.

மாறாக நடந்ததும் உண்டு. 2015இல் இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயரில் கிடைத்த வைக்கிங் காலப் புதையலைக் கண்டெடுத்தவர்கள் தெரிவிக்காமல் விற்கப் பார்த்தார்கள். சுமார் 300 நாணயங்கள் இருந்திருக்கும் என்று கணிக்கப்பட்டது. 2019இல் தீர்ப்பு வந்தபோது மீட்கப்பட்டிருந்தவை 31. பழைய இங்கிலாந்தின் அண்டை அரசுகளான வெசெக்ஸையும் மெர்சியாவையும் ஆண்ட ஆல்ஃபிரட், இரண்டாம் கியோல்வுல்ஃப் என்ற இரு மன்னர்களின் உறவைப் பற்றிய பழைய வரலாற்றையே மாற்றி எழுதவைத்த காசுகள் அந்தச் சிலவற்றில் இருந்தன. மீதி எங்கே போயிற்றோ என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

சட்டத்தைத் தெரிந்துகொண்டு வெளியே கிளம்புங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி புதையலை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கச் சொல்கிறது. அயர்லாந்தில் அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடக் கருவியை எடுப்பதே குற்றம். நிலத்துக்காரரின் அனுமதி, முடிந்தால் எழுத்தில். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பக்கம் எட்டிப்பார்க்கவே கூடாது. “யாருக்குத் தெரியப் போகிறது?” என்று என்னிடம் கேட்காதீர்கள், அப்படிப்பட்ட நாணயத்தை நான் தொடுவதில்லை. உருண்டையாகவோ நீளமாகவோ பெரிய இரும்பு தென்பட்டால் தட்டிப் பார்க்காமல் விலகிப் போலீஸுக்குச் சொல்லுங்கள், வெடிக்காத குண்டுகள் இன்னமும் மண்ணுக்குள் கிடக்கின்றன. குழியை மூடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது மிகக் குறைவு. தனி நாணயமாக இருந்தால் தளர்ந்த மண்ணை மட்டும் மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு நிழலில் உலரவிடுங்கள். கட்டியாக இருந்தால் பிரிக்காதீர்கள், மண்ணோடு அப்படியே இருக்கட்டும். எக்ஸ்ரே எடுத்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாலித்தீன் பை, கூடவே ஒரு சீட்டு. எந்த நிலம், எந்த மூலை, எவ்வளவு ஆழம், என்ன தேதி. வழவழப்பாக, பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பிவிசி உறைகள் வேண்டாம், அவை கசிந்து காசில் பச்சைப் பிசினாகப் படியும். ரப்பர் பேண்டு வெள்ளியைக் கறுக்கவைக்கும். ஓக் மரப்பெட்டி அழகாக இருக்கும், அதிலிருந்து வரும் அமில ஆவி ஈயக் காசை வெள்ளைப் பொடியாக்கும்.

டப்பாவோடு வந்தவரிடம் கடைசியாக, கழுவாமல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். வினிகர் தீர்ந்துபோனதால் ஆறு காசுகளை அப்படியே வைத்திருந்தாராம். மறுநாளே கொண்டுவந்தார், மண்ணோடு, பழைய மருந்துப் பையில். மூன்றாவது காசின் ஓரத்தில் பச்சைக்குள் ஏழு இழைகள் நெடுக்கில், ஐந்து குறுக்கில். அவரை நுண்ணோக்கியின் முன்னால் உட்காரவைத்தேன். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. எந்த இடத்தில் தோண்டினீர்கள் என்று கேட்டேன். வயல் நினைவிருந்தது, குழி நினைவில்லை.