பாசிலை, பார்சிலி, வோக்கோசு

கிணற்றடிப் பாத்தியில் நாலு விரல் உயரத்துக்கு நின்ற கன்றுகளைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வளவு மாமி கேட்டார்: "என்ன பிள்ளை, கரட் போட்டிருக்கிறியோ?"

"இல்லை மாமி, பார்சிலி."

"பாசிலையோ? பச்சையாய் நிக்கிறதெல்லாம் பாசிலைதானே!"

மாமி முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவர். காதில் சரியாக விழவில்லையா, வேண்டுமென்றே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பார்சிலி என்றால் கொத்தமல்லி போலச் சமையலில் தூவுகிற இலை. அதற்குத் தமிழ்ப் பெயர் என்னவென்று கைப்பேசியில் தேடினால் 'வோக்கோசு' என்று வருகிறது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் வாயிலும் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. தூய தமிழ் என்று நம்பிச் சிலர் எழுதுகிறார்கள். முதல் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடுகிறது. வகரத்தோடு உ, ஊ, ஒ, ஓ நான்கும் சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பிய விதி. வோட்டு, வோல்ட் எல்லாம் வேற்றுமொழியிலிருந்து வந்த சொற்கள் என்பது அதனால்தான் உடனே தெரிகிறது. வந்த சொல்லைத்தான் எழுதப்போகிறோம் என்றால், கடையில் கேட்டால் புரிகிற பார்சிலி என்ன குறைச்சல்?

அந்தப் பார்சிலியும் நெடுந்தூரம் நடந்து தேய்ந்த சொல்தான். கிரேக்கத்தில் 'பெற்றா' என்றால் பாறை, 'செலினொன்' என்றால் செலரி. இரண்டும் சேர்ந்து லத்தீனில் பெற்றோசெலினம் ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வரும்போது நடு எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. தாவரவியலில் பழைய பெயர் அப்படியே நிற்கிறது: பெற்றோசெலினம் கிறிஸ்பம். கிறிஸ்பம் என்றால் சுருண்டது. சுருட்டை இலையும் உண்டு, தட்டை இலையும் உண்டு. அதே 'பெற்றா'தான் பெற்றோலிலும் இருக்கிறது, கல்லிலிருந்து வரும் எண்ணெய். பேதுரு என்ற பெயரிலும் அதே கல்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கற்செலரி. அடியெல்லாம் சுண்ணக்கல்லாய்க் கிடக்கிற குடாநாட்டுக்கு எடுப்பான பெயர். ஆனால் செடிக்கு இங்கே கல் பிரச்சினையில்லை, வெயில்தான். மத்தியதரைக் கடற்பக்கத்துச் செடி; குளிர்ந்த பருவத்தில்தான் இலை தழைக்கும். புரட்டாதி வெயிலில் விதைத்துவிட்டுப் பன்னிரண்டு நாள் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. செத்துவிட்டது என்று அதன் மேலேயே கீரை விதையைத் தூவினேன். அவசரம்! பார்சிலி விதை முளைக்க இரண்டிலிருந்து நாலு கிழமை எடுக்கும். பேயிடம் ஒன்பது தரம் போய்வந்த பிறகுதான் முளைக்கும் என்று ஐரோப்பாவில் பழங்கதையே உண்டு.

இரண்டாம் முறை கார்த்திகையில், பெருமழை கொஞ்சம் ஓய்ந்த பிறகு. விதையை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மாட்டெரு கலந்த செம்மண்ணில் கால் அங்குல ஆழத்தில் போட்டேன். மேலே ஈரச்சாக்கு. பத்தொன்பதாம் நாள் சாக்கின் ஓரத்தைத் தூக்கினால், நூல் போல இரண்டு இலையோடு ஒன்று வளைந்து நிற்கிறது. சாக்கை எடுத்துவிட்டு மத்தியான வெயிலுக்குக் கிடுகு சாய்த்தேன். ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் முகம் கோணும், அதனால் நெருக்கமாய் நிற்பதில் சிலதை எடுத்து, நின்ற இடத்திலேயே ஐதாக்கிவிட வேண்டும். வெட்டும்போது வெளித்தண்டுகளை அடியோடு எடுங்கள், நடுக்குருத்தைத் தொடாதீர்கள். இயல்பில் இரண்டு வருடச் செடி, முதல் வருடம் இலை, அடுத்த வருடம் பூ. என் வளவில் மாரியும் பனியும்தான் அதன் காலம். பங்குனி வெயில் வந்ததும் வாடத் தொடங்கியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேலிக்குச் சீமைக்கிளுவை என்று வைத்தவர்கள் இதற்குச் சீமைமல்லி என்று வைக்கலாம். கொத்தமல்லி, சீரகம், ஓமம், கரட், ஏன் நம்முடைய வல்லாரையும் இதே குடும்பம்தான். ஆனால் சீமைமல்லி என்று கேட்டு வாங்கி ரசத்தில் போட்டவர் மல்லி மணத்தைத் தேடி ஏமாறுவார். முட்டைக்கோசுக்குப் போர்த்துக்கேயர் விட்டுப்போன கோவா என்ற சொல்லையும், பீன்ஸுக்கு ஒல்லாந்தர் விட்டுப்போன போஞ்சி என்ற சொல்லையும் வேற்றுமொழி என்று யாரும் இன்று யோசிப்பதில்லை. பார்சிலியும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் என் கட்சி.

ஆனாலும் மாமியின் சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பசுமை, இலை இரண்டும் சேரும்போது மை கெட்டு, முதல் எழுத்து நீண்டு பாசிலை ஆகும். சங்கப் பாட்டில் வருகிற சொல். எந்தப் பச்சை இலைக்கும் பொருந்தும் என்பதுதான் அதன் குறை. பார்சிலிக்கும் அதற்கும் உறவு ஒன்றுமில்லை, ஒலி மட்டும் தற்செயலாய் ஒத்துப்போகிறது. எங்கள் இரண்டு வளவுக்குள் அதுவே பெயராகிவிட்டது.

போன கிழமை மாமி ஒரு பிடி வாங்கிக்கொண்டு போய்ச் சொதியில் போட்டார். அடுத்த நாள் வேலிக்கு மேலால் முறைப்பாடு வந்தது: "உன்ர பாசிலை மணக்கவே இல்லை பிள்ளை, அடுப்பில் வைச்சு அவிச்சுப்போட்டன் போல."