ஹாரன் அடித்தால் வண்டி ஏன் நிற்கிறது?

பைக்கின் கம்பெனி ஹாரனைக் கழற்றிவிட்டு, அதே இரண்டு வயரில் விண்டோன் (நத்தை வடிவில் இருக்கும், சத்தம் கூடிய ஹாரன்) ஜோடியைச் செருகிவிடுவது பத்து நிமிட வேலை. அன்றைக்கு நன்றாகவே அலறும். கொஞ்ச நாளில் சுவிட்ச் சரியாகப் பிடிக்காது, அடிக்கும்போது ஹெட்லைட் மங்கும். ஒருநாள் நெரிசலில் ஹாரனை அழுத்தியதும் வண்டியே அணைந்துபோகும்.

சாதாரண கம்யூட்டர் பைக்கின் தட்டு ஹாரன் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். விண்டோன் ஒன்றே, மாடலைப் பொறுத்து, 4 முதல் 5 ஆம்பியர் கேட்கும். ஜோடி என்றால் 8 முதல் 10. சிறிய பைக்குகள் பலவற்றில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 10 அல்லது 15 ஆம்பியரில் ஒரே ஒரு ஃபியூஸ்தான். லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட் எரியும்போது இந்தச் சுமையும் ஏறினால் அது உருகிவிடும். எஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியில் பெட்ரோல் பம்புக்கும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவுக்கும் மின்சாரம் போவது அதே வழியில்தான் என்றால், இன்ஜின் அந்த நொடியே நிற்கும். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஃபியூஸ் போகிறதே என்று 20 ஆம்பியர் ஃபியூஸைப் போடுவது அதைவிட மோசம். ஃபியூஸ் தப்பிக்கும், வயரிங் உருகும்.

வாங்குவதற்கு முன் பழைய ஹாரனைப் பாருங்கள். மழைத்தண்ணீரில் லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) பச்சை பூத்திருந்தால் சத்தம் பாதியாகும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். பிறகு பின்பக்கத் திருகை கால் சுற்றுக்கு மேல் போகாமல், கொஞ்சம் கொஞ்சமாக இருபுறமும் திருப்பிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதுவே போதும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஹை டோன் ஒன்று, லோ டோன் ஒன்று என்று ஜோடியாக எடுங்கள். ஒரே மாதிரி இரண்டு போட்டால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ராகம் பாடும் பல சுர ஹாரன், ஏர் ஹாரன் பக்கமே போக வேண்டாம். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119ஆம் விதி அடுத்தடுத்து வெவ்வேறு சுரம் எழுப்புவதையும், அளவுக்கு மீறிக் கடூரமாக ஒலிப்பதையும் தடை செய்கிறது. தேவையில்லாமல் ஹாரன் அடித்தாலே முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்கும் கார்க்காரருக்கு எந்த ஹாரனும் ஒழுங்காகக் கேட்காது என்பது வேறு விஷயம்.

இனி வயரிங். தேவையானவை 12 வோல்ட் 30 ஆம்பியர் ரிலே (சிறிய மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) ஒன்று, சாக்கெட்டோடு, ஃபியூஸ் ஹோல்டர், 15 ஆம்பியர் ஃபியூஸ் (ஒற்றை ஹாரனுக்கு 10 போதும்), 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். லக், ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடுபட்டால் சுருங்கி இணைப்பை மூடும் குழாய்). முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கம்பெனி வயரை வெட்டவே கூடாது. பழைய ஹாரனுக்குப் போன இரண்டு முனைகளையும் ரிலேயின் 85, 86 பின்களுக்குக் கொடுங்கள். சில வண்டிகளில் சுவிட்ச் பிளஸ் பக்கம் இருக்கும், சிலவற்றில் எர்த் பக்கம்; இரண்டு வயரையும் இப்படிக் கொடுத்துவிட்டால் எது எந்தப் பக்கம் என்று தேட வேண்டியதில்லை. ரிலேக்குள் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுவது) இருந்தால் மட்டும் 86க்கு பிளஸ் வர வேண்டும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாக 30ஆம் பின்னுக்கு ஒரு வயர். 87இலிருந்து இரண்டு ஹாரன்களின் ஒரு முனைக்கும். மறுமுனைகள் பேட்டரி நெகட்டிவுக்கு. பெயின்ட் அடித்த சேஸியில் எர்த் எடுத்தால் பிறகு தொல்லைதான்.

ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். 30ஆம் பின்னுக்கு வரும் வயரில் சாவி அணைத்திருந்தாலும் மின்சாரம் இருக்கும். ஹேண்டில் திரும்பும் இடத்தில் அது உரசி சேஸியைத் தொட்டால், நடுவில் ஃபியூஸ் இல்லாதபோது தீப்பிடிக்கும்.

இப்போது சுவிட்சில் ஓடுவது ரிலே காயிலின் 0.2 ஆம்பியருக்கும் குறைவு. முன்பு 8 ஆம்பியரைச் சுமந்து கருகிய அதே சுவிட்ச் இனி பல வருடம் உழைக்கும்.

பொருத்தும்போது ஹாரனோடு வரும் தகட்டு பிராக்கெட்டையே பயன்படுத்துங்கள். ஹாரன் உடல் வேறெதையும் தொட்டால் சத்தம் அமுங்கும். விண்டோனின் வாய் கீழ்நோக்கி இருந்தால்தான் தண்ணீர் வடியும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பியும், முன் ஃபோர்க்கை அமுக்கியும் மட்கார்டோ வயரோ இடிக்கிறதா என்று பாருங்கள். ஆயில் கூலரையும் ரேடியேட்டரையும் மறைக்காதீர்கள். ரிலேயை சீட்டுக்கு அடியில், பின்கள் கீழே பார்க்கும்படி வையுங்கள்.

கடைசியாக இன்ஜினை ஓடவிட்டு, ஹாரனை அடித்தபடி அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். பேட்டரி முனையில் காட்டுவதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ஏதோ ஒரு லக் வயரோடு சரியாக அழுந்தி கிரிம்ப் ஆகவில்லை. ரிலே 'டிக்' என்கிறது, ஹாரன் பேசவில்லை என்றால் ஃபியூஸ், 30, 87, எர்த் என்ற வரிசையில் பாருங்கள். 'டிக்' சத்தமே இல்லை என்றால் கோளாறு 85, 86 பக்கம். கையை எடுத்தும் ஹாரன் நிற்கவில்லையா? ரிலேயைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்குங்கள். உடனே நின்றுபோனால் சுவிட்ச் ஒட்டியிருக்கலாம், ரிலேக்குள் முனை ஒட்டியிருக்கலாம். வேறொரு ரிலேயை மாட்டினால் எது என்று தெரிந்துவிடும்.