வாட்ச் வாங்கும்போது முதுகையும் பாருங்கள்

என் சர்வீஸ் மேஜைக்கு, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத வாட்சுகள் கண்ணாடிக்குள் ஆவி படிந்து வருவது வழக்கம். "வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர்னு போட்டிருக்கே சார், குளிச்சது தப்பா?" என்பார்கள்.

அந்த 30 மீட்டர், புது வாட்சைச் சோதனையில் அழுத்தத்துக்கு உட்படுத்திப் போட்ட அளவு. அன்றாடப் பழக்கத்தில் அதற்கு அர்த்தம் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், லேசான தூறல், அவ்வளவுதான். நீச்சலுக்குப் போகிறவர் பின்மூடியில் 100 மீட்டர் என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வெந்நீர்க் குளியலுக்கு எந்த வாட்சையும் கட்டாதீர்கள். தண்ணீரைத் தடுப்பது பின்மூடிக்கும் நேரம் திருப்பும் சாவிக்கும் உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் வளையம். வியர்வையும் சூடும் பட்டு அது நாளாக ஆக இறுகிவிடும். செல் மாற்றும்போது இந்த ரப்பர் வாஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். அவசரமாக மூடிக்கொடுக்கும் இடத்தில் யாரும் பார்ப்பதில்லை.

அடுத்தது விலை. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் வாட்சில் சின்னப் படிகம் ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரத்தைக் காக்கிறது. மாதத்துக்கு 15, 20 நொடி முன்பின் போகலாம். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள, செல் இல்லாமல் கை அசைவிலேயே ஓடும் ஆட்டோமேட்டிக்கோ ஒரே நாளில் அவ்வளவு தவறலாம். பரவலாகப் பொருத்தப்படும் சீகோவின் என்.எச்.35 என்ற ஆட்டோமேட்டிக் மெஷினுக்கு நிறுவனமே தரும் வரம்பு நாளுக்கு 20 நொடி குறைவிலிருந்து 40 நொடி கூடுதல்வரை. "இவ்வளவு கொடுத்தும் ஃபாஸ்ட்டா ஓடுதே" என்று வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெய் விடும் செலவும் உண்டு. ஓடும் சக்கரங்களைப் பார்ப்பதில் ஆசை இருந்தால் தாராளமாக வாங்குங்கள். சரியான நேரம்தான் வேண்டுமென்றால் குவார்ட்ஸ் போதும்.

ஃபேஷன் பிராண்டுகளில் கவனம். பெயருக்காக எட்டாயிரம் கொடுத்த வாட்சைத் திறந்தால் உள்ளே மியோட்டா 2035 என்ற சாதாரண குவார்ட்ஸ் மெஷின் இருக்கும். நல்ல மெஷின்தான், ஆனால் மலிவு வாட்சுகளிலும் அதே மெஷின்தான். அதனால் இரண்டு வாட்சை ஒப்பிடும்போது உள்ளே என்ன மெஷின், கண்ணாடி சாதாரண மினரலா, எளிதில் கீறாத சஃபையரா, கேஸ் ஸ்டீலா இல்லை முலாம் பூசிய மட்ட உலோகமா என்று கேளுங்கள். முலாம் நம் ஊர் வியர்வைக்கு நிற்காது. தோல் ஸ்ட்ராப்பும் கோடையில் நாறும்.

ஸ்டைலைப் பற்றி நான் என்ன சொல்ல? ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகள் மணிக்கட்டைத் தாண்டி நீளக்கூடாது. அவ்வளவு பார்த்தால் போதும்.

கடைசியாக எச்.எம்.டி. அதன் வாட்ச் பிரிவை மூட 2016-ல் அரசு முடிவெடுத்த பிறகு, ஆன்லைனில் "பழைய ஸ்டாக், புத்தம் புதுசு" என்று அதன் ஜனதா, பைலட் மாடல்கள் வருகின்றன. பல வாட்சுகளின் உதிரியைச் சேர்த்து, டயலுக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்து விற்பவை அவற்றில் நிறைய. டயலில் எழுத்து தடித்தோ கோணலாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள். பின்மூடியைத் திறந்து மெஷினைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.