மீமியின் இருமல்

நெஞ்சக நோய் டாக்டருக்கு ஓபராவில், அதாவது பாட்டாலேயே நடக்கும் மேற்கத்திய நாடகத்தில், என்ன வேலை என்று கேட்பீர்கள். இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'லா போயெம்' ஒரு காசநோயாளியின் கேஸ் ஷீட்தான். முதல் அங்கத்தில் மாடிப்படி ஏறி வந்த கதாநாயகி மீமிக்கு மூச்சு வாங்கி மயக்கம் வருகிறது. மூன்றாம் அங்கத்தில், தன் நோயைப் பற்றிக் காதலன் நண்பனிடம் புலம்புவதை மறைந்து நின்று கேட்கிறாள், இருமல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்தக் காட்சி என் ஓ.பி.யிலும் நடக்கும். "இருமலெல்லாம் இல்ல சார்" என்று அம்மா சொல்லி வாய் மூடுவதற்குள், துப்பட்டாவால் வாயைப் பொத்தியிருக்கும் மகள் இருமிவிடுவாள். வரன் பார்க்கிறார்களாம்.

கதை நடப்பது 1830-களின் பாரிஸில். காசநோய்க் கிருமியை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் கண்டறிந்ததே 1882-ல்தான். 1896-ல் இத்தாலியின் டூரினில் ஓபரா அரங்கேறியபோதும் மருந்து கிடையாது. மீமி சாகத்தான் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் இசாங்கோ நாடகக் குழு இந்தக் கதையை கேப் டவுனை ஒட்டிய கேயலிட்சாவுக்குக் கொண்டுபோய், கோசா மொழியில், மரிம்பா என்ற மரக்கட்டை வாத்திய இசையோடு பாடியது. 2015-ல் படமாகவும் வந்தது: 'ப்ரீத் உம்பெஃபும்லோ'. அந்தக் கோசாச் சொல்லுக்கு மூச்சு, ஆன்மா என்று இரண்டு பொருளும் உண்டு. நம் 'உயிர்ப்பு' மாதிரி. இயக்குநர் மார்க் டோர்ன்ஃபோர்ட்-மே. 'கார்மென்' ஓபராவை இதே கேயலிட்சாவில் எடுத்து 2005-ல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கியவர்.

இடம் மாறியதும் கதையின் பொருளே மாறிவிடுகிறது. கேயலிட்சாவில் மருந்து இருக்கிறது. அரசு கிளினிக்கில் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை போதும். அங்கே மீமி செத்தால் விதியின் மேல் பழிபோட முடியாது. நெருக்கியடித்த தகரக் குடிசை, எச்.ஐ.வி., வெளியே சொல்லக் கூச்சம், பாதியில் நிறுத்திய மாத்திரை என்று காரணங்களைத் தேட வேண்டியிருக்கும்.

பாதியில் நிறுத்துவதுதான் என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது. இரண்டாம் மாதம் இருமல் அடங்கும், பசி எடுக்கும், முகம் தெளியும். "சரியாயிடுச்சு சார்" என்று ஆளே காணாமல் போவார்கள். திரும்பி வரும்போது கிருமி மருந்துக்கு மசியாததாக மாறியிருக்கலாம். இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது: இதில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

கடைசி அங்கத்தில் மருந்து வாங்கத் தோழி காதணியை விற்கிறாள், நண்பன் மேலங்கியை அடகு வைக்கக் கிளம்புகிறான். இன்று மாத்திரைக்குக் காசு கொடுக்க வேண்டாம். பஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டும், அன்றைய கூலியும் போகும். இப்போதெல்லாம் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடிப்பதற்கு முன் கேட்டுவிடுகிறேன்: "எத்தனை பஸ் மாறி வந்தீங்க?"