பெட்டி வரும்வரை நடை

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. வளைகுடாவிலிருந்து யார் வந்தாலும் நாகர்கோவிலில் வண்டி பிடித்து, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போக வேண்டும். போன மாதம் மஸ்கட்டிலிருந்து வந்த அண்ணன், "எறங்கியாச்சுடே" என்று போன் போட்டு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். "பெல்ட் பக்கத்துல நின்னதுதான் பெரும்பாடு. கயிறு கட்டுன பெட்டி எல்லாம் ஒண்ணு போலயே இருக்கு" என்றார். விமானத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து வந்ததைப் பற்றிப் பேச்சே இல்லை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் விமான நிலையத்திலும் இதே புலம்பல் இருந்ததாம். பெட்டி இறக்கும் ஆட்களைக் கூட்டியதில் பெட்டி சராசரியாக 8 நிமிடத்தில் வந்தது. புகார் மட்டும் நிற்கவில்லை. கணக்குப் பார்த்தால் பெல்ட்டுக்கு நடக்க 1 நிமிடம், அங்கே நிற்க 7 நிமிடம். அப்புறம் விமானங்களைத் தள்ளி நிறுத்தி, பெட்டிகளைக் கடைசி பெல்ட்டில் விட்டார்கள். நடை ஆறு மடங்கானது. புகார் அநேகமாக ஓய்ந்தது.

ஏமாற்று வேலை என்றுதான் எனக்கும் முதலில் பட்டது. ஆனால் மனசு கடிகாரம் பார்த்து நேரத்தை அளப்பதில்லை. நடக்கும்போது கவனம் வழியில் இருக்கிறது. சும்மா நின்றால் முழுக்க நேரத்தின் மேல்தான். கவனிக்கக் கவனிக்க நேரம் நீளும். மூட்டுவலிக்காரர்களிடம் மட்டும் இந்த வித்தை செல்லாது. அவர்களுக்குத்தான் நகரும் பாதையும் பேட்டரி வண்டியும்.

பாம்பு போல வளையும் ஒற்றை வரிசையும் இப்படித்தான். பெட்டியை எடை போட்டு வாங்கும் ஒவ்வொரு கவுண்டருக்கும் தனி வரிசை என்றால், முன்னால் நிற்பவர் எடை கூடிப்போய்ப் பெட்டியைத் திறந்து கருவாட்டையும் நேந்திரங்காய் சிப்ஸையும் வெளியே எடுத்து வைக்கும்வரை பின்னால் உள்ள அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள். ஒற்றை வரிசையில் அந்தக் கவுண்டர் மட்டும்தான் முடங்கும். நமக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போகும் எரிச்சலும் இல்லை.

வெளிச்சமும் பதற்றத்தைக் குறைக்கும். லண்டன் அருகே ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில், 1991-இல் திறந்த முனையத்துக்கு கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் குழு ஏசி குழாய்களைக் கூரையிலிருந்து தளத்துக்கு அடியில் இறக்கியது. சுமை குறைந்த கூரை வழியே பகல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. வெளிச்சம் இருந்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பலகையைத் தேடி அதிகம் அலைய வேண்டியதில்லை.

அண்ணன் திரும்பிப் போகும்போது மைனி தன் பழைய சிவப்புச் சேலையில் ஒரு துண்டு கிழித்துப் பெட்டிக் கைப்பிடியில் கட்டிவிட்டார்.