மிதித்தால்தான் திரும்பும்

கொடைக்கானலுக்குக் குடும்பத்தோடு போய்வந்த வத்தலக்குண்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏரியில் பெடல் படகு எடுத்தோம். கரைப்புல் நெருங்கியதும் பயந்துபோய் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கைப்பிடியை முழுக்கத் திருப்பினேன். படகு திரும்பவே இல்லை, நேராகப் போய்ப் புல்லுக்குள் சொருகிக்கொண்டது. அந்த ஏரிக்குள் ஏதோ இழுக்கிறது என்று பக்கத்துப் படகிலிருந்த அம்மா சொன்னார். உண்மையா?"

எதுவும் இழுக்கவில்லை. அது 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரி. அதில் விட்ட முதல் படகு தூத்துக்குடியிலிருந்து மலையேறி வந்தது என்பார்கள். கடலோ மலையோ, படகைத் திருப்பும் பலகையான சுக்கானுக்கு விதி ஒன்றுதான். அதைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் ஓடவேண்டும். ஓடாவிட்டால் அது வெறும் பலகை.

சுக்கான் படகின் பின்பக்கம் நீருக்குள் செங்குத்தாக நிற்கும். பெடல் படகில் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே இருக்கிற கைப்பிடி அதைத் திருப்புகிறது. நாட்டுப் படகில் ஒரு கட்டை நேராகச் சுக்கான் தலையில் செருகியிருக்கும், கப்பலில் சக்கரம். சுக்கான் நேராக இருக்கும்போது தண்ணீர் இருபக்கமும் ஒரேபோல வழுக்கிக்கொண்டு போகும். இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்தால், ஓடிவரும் நீர் அந்தப் பலகையால் இடப்பக்கமாக வளைக்கப்படுகிறது. நீரைப் பலகை இடப்பக்கம் தள்ள, பலகையை நீர் வலப்பக்கம் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி, பள்ளியில் படித்ததுதான்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. அந்தத் தள்ளல் விழுவது பின்பக்கத்தில். ஆகவே நாம் இடப்பக்கம் போக ஆசைப்பட்டால், படகின் பின்பக்கம் முதலில் வலப்பக்கம் விலகும். கொண்டை ஊசி வளைவுகளில் காரை ஓட்டி மேலே வந்தவருக்கு இது பழக்கமில்லாத சங்கதி. காரில் முன்சக்கரம் திரும்பும், பின்னால் இருப்பது அதைத் தொடர்ந்து வரும். படகில் பின்பக்கம் வெளியே வீசும், அதனால் அணியம், அதாவது முன்பகுதி, உள்ளே பார்க்கும். படகுத்துறையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அணியம் அழகாக விலகிப் போயிருக்கும், பின்பக்கம் போய்ப் பக்கத்துப் படகில் 'டொக்' என்று இடிக்கும்.

படகு இப்போது இடப்பக்கம் பார்க்கிறது, அவ்வளவுதான். உந்தம் இன்னும் பழைய திசையிலேயே அதைக் கொண்டுபோகிறது. ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொரு பக்கம் போகிறது என்றால், சாய்வாகச் சறுக்குகிறது என்று அர்த்தம். அப்படிச் சறுக்கும்போது நீர் படகின் வலப்பக்க உடம்பு முழுவதிலும் சாய்வாக மோதி, படகையே இடப்பக்கம் தள்ளுகிறது. பாதையை வளைக்கும் பெரிய விசை இங்கிருந்துதான் வருகிறது. அந்தச் சின்னப் பலகை உடம்பைச் சாய்த்துக் கொடுப்பதோடு சரி. பிறகு படகின் உடம்பே சுக்கானாகிவிடுகிறது! முன்னோக்கிப் போய்க்கொண்டே திரும்பும் கப்பல், அணியத்திலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உள்ள ஒரு புள்ளியை வைத்துச் சுழல்வதுபோலத் தெரியும். பின்பக்கம் அவ்வளவு அகலமாக வீசுவது அதனால்தான்.

இந்த விசைகள் நீரோட்ட வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் விசை கால்வாசி. மிதிப்பதை நிறுத்தினால் சுக்கானும் கிட்டத்தட்டப் படுத்துவிடும். "மிதிங்க சார், மிதிச்சாதான் திரும்பும்" என்று படகுத்துறையில் கத்துகிறார்களே, அது முழு அறிவியல். அதோடு, மிதிக்கும்போது துடுப்புச் சக்கரம் பின்னால் தள்ளும் நீர் நேராகச் சுக்கான்மேல் பாய்கிறது. கப்பலிலும் பெரும்பாலும் உந்துவிசிறிக்குப் பின்னால்தான் சுக்கானை வைப்பார்கள்.

கைப்பிடியை முழுக்கத் திருப்பியதும் உதவியிருக்காது. பெரிய கப்பல்களில் சுக்கான் பொதுவாக 35 டிகிரியோடு நின்றுவிடும். அதற்கு மேல் சாய்த்தால் நீர் பலகையை ஒட்டி ஓடாமல் பிரிந்து, பின்னால் சுழித்துக்கொண்டு கிடக்கும். பக்கவிசை குறையும், தடை கூடும். பிரேக் போட்டதுபோல ஆகிவிடும். அப்புறம், நின்றுபோன படகு காற்றுக்குத்தான் அடங்கும். கூரை வைத்த பெடல் படகில் காற்று நன்றாகவே பிடிக்கும். ஏரியின் 'இழுப்பு' இதுதான். பேய்க்கதை சொல்லி நமக்குப் பழகிவிட்டது, கரையில் இரண்டு நிமிடம் நின்று பார்க்கிற பழக்கம்தான் வரவில்லை. பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிவருகிற ஆசிரியர்கள் அந்தப் படகுத்துறையிலேயே மூன்றாம் விதியை நடத்தலாம் என்பது என் கட்சி.

இந்தத் திசைக் குழப்பம் மாலுமிகளின் கட்டளைச் சொற்களிலும் இருந்தது. 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் பனிப்பாறையைக் கண்டபோது வந்த கட்டளை "ஹார்டு எ ஸ்டார்போர்டு". ஸ்டார்போர்டு என்றால் வலப்பக்கம். வட ஐரோப்பியப் பழம்படகுகளில் திருப்பும் துடுப்பு அந்தப் பக்கம்தான் கட்டியிருந்தது, பெயரும் அதிலிருந்து வந்தது. ஆனால் கப்பல் திரும்பியது இடப்பக்கம்! யாரும் தப்புச் செய்யவில்லை. அந்தக் கட்டளை, சுக்கான் தலையில் செருகிய பழைய கட்டைக்கானது. கட்டையை வலப்பக்கம் தள்ளினால் பலகை இடப்பக்கம் போகும், கப்பலும் இடப்பக்கம் திரும்பும். கட்டை போய்ச் சக்கரம் வந்த பிறகும் பேச்சு மாறவில்லை. பிரிட்டன் அதை மாற்றிக்கொண்டது 1930-களில்தான்.

துடுப்புக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. தனக்கு வேண்டிய நீரோட்டத்தை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். ஒரு துடுப்பை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் தள்ளினால் படகு நின்ற இடத்திலேயே சுழலும். பெரிய கப்பலுக்கு அந்த வசதி கிடையாது. துறைமுகத்துக்குள் வேகம் குறைந்ததும் சுக்கானைப் பெரிதாக நம்ப முடியாது. அதனால்தான் இழுவைப் படகுகள் பக்கத்தில் வந்து முட்டித் தள்ளுகின்றன. சில கப்பல்களில் அணியத்துக்குள் குறுக்காக ஒரு குழாய் வைத்து, அதற்குள் சின்னதாக ஒரு விசிறியும் பொருத்தியிருப்பார்கள்.